அடர்ந்துபோன மரக்காட்டில் பறவை குறைந்தால்: வெட்டுவதா, விட்டுவைப்பதா?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆறு ஏக்கர் மரக்காடு. இருபது ஆண்டுகளாக யாரும் கை வைக்கவில்லை. மரங்கள் நெருங்கிப்போய் நடுப்பகலிலும் உள்ளே இருட்டு. முன்பு கேட்ட பறவைச் சத்தம் இப்போது இல்லை. "கொஞ்சம் வெட்டி வெளிச்சம் விடுங்கள், பூச்சி பெருகும், பறவை தானாக வரும்" என்கிறார் ஒருவர். "கோடாலி பட்டால் இருப்பதும் போய்விடும்" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காட்டில் பூச்சி இருக்கிறதா என்பது ஒன்று. இருக்கிற பூச்சி பறவையின் அலகுக்கு எட்டுகிறதா என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்துப் பார்த்தால், உங்கள் நண்பர்கள் இருவருமே ஆளுக்குப் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது தெரியும்.

பூச்சி தின்னும் பறவைகள் எல்லாம் ஒரே பந்தியில் உட்காருவதில்லை. மரங்கொத்தி பட்டைக்கு அடியிலும் உளுத்த கட்டைக்குள்ளும் இருக்கும் வண்டுப்புழுவையும் எறும்பையும் தேடுகிறது. பசையெடுப்பான் அதே மரத்தின் பட்டை வெடிப்புகளில் சிலந்தி தேடித் தலைகீழாக இறங்குகிறது. பட்டாணிக்குருவியும் மாம்பழச்சிட்டும் இலை இலையாகப் புரட்டிப் புழு எடுக்கின்றன. தவிட்டுக்குருவியும் பூங்குருவியும் தரையில் சருகைக் கிளறுகின்றன. கரிச்சானும் ஈப்பிடிப்பானும் வெறுங்கிளையில் உட்கார்ந்து பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கின்றன. அதற்கு அவற்றுக்குச் சில மீட்டர் திறந்த வெளி வேண்டும். இடைவெளியே இல்லாத காட்டில் கொசுவும் அந்துப்பூச்சியும் எவ்வளவு பறந்தாலும் கரிச்சானுக்கு அது எட்டாக்கனி. ஆக, ஒரு மரத்தை வெட்டினால் ஒரு பந்தி கலைகிறது, வேறொன்று விரிகிறது. எந்தப் பறவையின் சத்தம் போயிற்று என்று தெரியாமல் கோடாலி எடுப்பது, எந்த வலி என்று கேட்காமல் மாத்திரை கொடுப்பதைப் போன்றது.

தேவையின் அளவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தானியமும் பழமும் தின்னும் பறவைகளில் பெரும்பாலானவை கூட தம் குஞ்சுகளுக்குப் பூச்சிதான் ஊட்டுகின்றன. வட அமெரிக்காவின் சிக்கடி என்ற சிறு குருவி, ஓர் ஈட்டுக் குஞ்சுகள் கூட்டைவிட்டுப் பறப்பதற்குள் 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை கொண்டுவருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் குருவியின் எடை சுமார் 10 கிராம்தான். இவ்வளவையும் கூட்டிலிருந்து ஐம்பது அறுபது மீட்டருக்குள் தேடியாக வேண்டும். தூரம் போனால் பறப்பதற்கே நேரம் போய்விடும். வருடம் முழுக்கப் பூச்சி இருக்கிறதா என்பதைவிட, குஞ்சு இருக்கும் அந்த இரண்டு மூன்று வாரத்தில் மென்மையான புழு போதுமான அளவு இருக்கிறதா என்பதே குடும்பம் பெருகுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இனி வெளிச்சம். முற்றிய இலை தடித்தது, நார் மிகுந்தது, துவர்ப்புச் சத்து ஏறியது. பெரும்பாலான புழுக்களுக்கு வேண்டியது இளந்தளிர். ஓக் மரத்தில் இதை 1970 வாக்கிலேயே விரிவாக ஆராய்ந்துவிட்டார்கள்: தளிர் விட்ட சில வாரங்களில் இலையில் டானின் என்ற அந்தத் துவர்ப்புச் சத்து ஏறி, இலை கெட்டிப்பட்டுவிடும், அதனால்தான் அந்த மரத்தை நம்பியிருக்கும் அந்துப்பூச்சிகள் பல, தளிர் விடும் நேரத்தோடு முட்டை பொரியும்படி வாழ்கின்றன. மேலே விதானம் மூடிக்கொண்டால் கீழே புதரும் இளங்கன்றும் தளிர் விடுவதில்லை. புழு உச்சிக்கிளையோடு நின்றுவிடும். பூவும் குறையும், பூவைத் தேடும் ஈயும் குளவியும் வண்டும் குறையும். ஓரிடத்தில் வெளிச்சம் இறங்கினால் இரண்டாம் மூன்றாம் ஆண்டில் அங்கே தளிரும் பூவும் வருகின்றன, பூச்சியும் வருகிறது. இதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் எவ்வளவு வெளிச்சம், எந்த வடிவில் என்பதில்தான் காரியம் கெடுகிறது. காடு முழுக்கச் சீராக இங்கொன்று அங்கொன்றாக மரம் எடுத்தால், இரண்டு மூன்று ஆண்டில் பக்கத்துக் கிளைகள் நீண்டு அந்த இடத்தை மூடிவிடும். தரைக்கு எதுவும் கிடைக்காது. அதற்குப் பதில், சில இடங்களில் சிறு திறப்புகளாக எடுப்பது நல்லது. திறப்பின் குறுக்களவு சுற்றியுள்ள மரங்களின் உயரத்துக்குச் சமமாகவோ ஒன்றரை மடங்காகவோ இருக்கட்டும். மரம் 15 மீட்டர் என்றால் திறப்பு 15 முதல் 22 மீட்டர். வெயில் தலைக்கு மேல் அடிக்கும் வெப்ப நாடுகளில் சிறிய அளவே போதும். வெயில் சாய்ந்து விழும் வடக்கு நாடுகளில் சிறு திறப்பு வெறும் கிணறு மாதிரி, அடி நிழலாகவே இருக்கும். 20 மீட்டர் குறுக்களவில் நான்கு திறப்பு போட்டால் மொத்தம் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. உங்கள் ஆறு ஏக்கரில் அது 5 விழுக்காடு. முதல் ஆண்டுக்கு அதுவே தாராளம். நான்கைந்து ஆண்டு கழித்து வேறு இடத்தில் நான்கு. இப்படிப் போனால் எப்போதும் ஒரு புதுத் திறப்பு, ஒரு புதராகிவிட்ட திறப்பு, ஒரு இளமரக் கூட்டம், ஒரு முதிர்ந்த பகுதி என நான்கு வயதும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும்.

வெட்டும் முன் ஒரு கணக்கு கட்டாயம். மார்பளவில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், நாடாவால் மரத்தின் சுற்றளவை எடுத்து 3.14ஆல் வகுத்தால் விட்டம் வரும். மரத்தின் உயரத்தை அந்த விட்டத்தால் வகுத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே அலகில். உயரம் 16 மீட்டர், சுற்றளவு 50 சென்டிமீட்டர் என்றால் விட்டம் 16 சென்டிமீட்டர், விகிதம் 100. விகிதம் 80க்கு மேல் போனால் அந்த மரம் நெருக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்று வளர்ந்தது என்று பொருள். பக்கத்து மரத்தை எடுத்ததும் அடுத்த காற்றில் இதுவும் போகும். அப்படிப்பட்ட காட்டில் திறப்பே போடக்கூடாது. முதலில் பத்தில் ஒரு பங்கு மரத்தை மட்டும் அங்கங்கே கலைத்துவிட்டு, மூன்று நான்கு ஆண்டு தண்டு பருக்க விட்டு, பிறகுதான் திறக்க வேண்டும். பலர் இந்த ஒரு இடத்தில் அவசரப்பட்டுத்தான் மொத்தக் காட்டையும் காற்றுக்குக் கொடுக்கிறார்கள். மரம் வெட்ட உங்கள் ஊர்ச் சட்டப்படி அனுமதி வேண்டுமா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு பெரிய விலக்கு இருக்கிறது. உங்கள் காடு நட்டு வளர்ந்ததோ, ஒருகாலத்தில் வெட்டப்பட்டு மறுபடி எழுந்ததோ என்றால் மேலே சொன்னது பொருந்தும். ஈரமும் இருட்டும் நிலைத்த பழைய மழைக்காடு என்றால் பொருந்தாது. பிரேசிலில் மனாஸ் நகருக்கு வடக்கே 1979இல் தொடங்கிய துண்டுக்காடு ஆய்விலும், பிற வெப்பமண்டல ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பத் தெரிந்தது ஒன்று: காடு திறக்கப்பட்டாலோ துண்டானாலோ முதலில் மறைபவை கீழடுக்கில் பூச்சி தின்னும் பறவைகள். எறும்புப் படையின் பின்னே போய், அது கிளப்பும் பூச்சிகளைப் பிடிக்கும் பறவைகளும் அவற்றில் சேர்த்தி. அவை வெயில் படும் ஒரு பாதையைத் தாண்டவே தயங்குகின்றன. அதே சமயம், வெப்பமண்டல மரவெட்டு ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2014இல் வந்த கட்டுரையில், பாலூட்டிகளும் தவளைகளும் குறைய, பறவை வகைகளின் எண்ணிக்கை மட்டும் கூடியிருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. கூடியவை எங்கும் வாழக்கூடிய பொதுப் பறவைகள். காட்டுக்குள் மட்டுமே வாழ்பவை அல்ல. பட்டியல் நீண்டால் காடு நலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மைனா வந்து ஆறுமணிக்குருவி போனால் கணக்கில் நட்டமில்லை, காட்டுக்கு நட்டம்.

அடுத்து, எல்லோரும் கூசாமல் செய்யும் தப்பு: 'சுத்தம் செய்வது'. என் கணக்கில், மரம் வெட்டுவதைவிட இதுதான் அதிகக் கேடு. கீழே உள்ள புதரைச் சீவி, சருகைக் கூட்டி எரித்து, விழுந்த கட்டையை அடுக்கி, பட்ட மரத்தைச் சாய்த்து, பார்வைக்குப் பூங்கா மாதிரி ஆக்கிவிடுவார்கள். ஒரே வாரத்தில் தரைப் பந்தி, புதர்ப் பந்தி, பட்டைப் பந்தி மூன்றும் காலி. மிச்சம் இருப்பது உச்சிக்கிளை மட்டும். அங்கே இருக்கிற பறவை பாடினாலும் கீழிருந்து கண்ணில் படாது.

புதரில் வேண்டாதது என்று ஒன்று உண்டு: ஆக்கிரமிக்கும் அயல் செடிகள். உண்ணிச்செடி போல ஒன்றே எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டால், பழம் தின்னும் பறவைக்குக் கொஞ்சம் ஆதாயம் உண்டு, ஆனால் உள்ளூர்ப் புழுக்களுக்கு அந்த இலை ஒத்துவருவதில்லை, கன்றுகளும் முளைப்பதில்லை. அதையும் ஒரே மூச்சில் எடுத்துவிடக்கூடாது. கூடு கட்ட அந்த மறைவைத் தவிர வேறு இல்லாத பறவைகள் அம்போவென நின்றுவிடும். ஓர் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு. தண்டை மட்டும் அரிந்தால் இரண்டு மடங்காகத் தழையும், ஏனென்றால் தழைக்கும் மொட்டுகள் தண்டும் வேரும் சேரும் கழுத்தில் இருக்கின்றன. தரைக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டரில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தூக்கித் தலைகீழாக, வேர் வானம் பார்க்க, அங்கேயே காய வையுங்கள். காய் முற்றும் முன் செய்தால் விதை விழாது. எடுத்த இடத்தில் அதே மழையில் உள்ளூர்ப் புதர்க் கன்றை நடாவிட்டால், மறுவருடம் அதே உண்ணிச்செடி திரும்ப வந்து நிற்கும். விதை மண்ணில் காத்துக்கொண்டிருக்கிறது.

எந்த மரத்தை விடுவது என்பதற்கும் இதே ஏரணம். பிரிட்டனில் 1961இல் வெளியான ஒரு பட்டியலில் உள்ளூர் ஓக் மரத்தோடு தொடர்புடைய பூச்சி வகைகள் 284. வெளியிலிருந்து கொண்டுவந்த குதிரை செஸ்ட்நட்டில் 4. பிறகு வந்த பட்டியல்களில் எண்கள் மாறின, வரிசை பெரிதாக மாறவில்லை. வாஷிங்டன் நகரைச் சுற்றிய வீட்டுத் தோட்டங்களில் சிக்கடி குருவிகளைப் பின்தொடர்ந்து 2018இல் வந்த ஆய்வு இன்னும் நேரடியானது: தாவரங்களில் 70 விழுக்காட்டுக்குக் குறைவாக உள்ளூர்த் தாவரம் இருந்த இடங்களில் அந்தக் குருவிகளால் தம் எண்ணிக்கையைத் தக்கவைக்க முடியவில்லை. அந்த 70ஐ உலகம் முழுமைக்குமான சட்டமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு பறவை, ஒரு நகரம். திசை மட்டும் உறுதி. ஒரு சின்னத் திருத்தமும் சொல்ல வேண்டும். பூச்சி வகைகளின் எண்ணிக்கை வேறு, உணவின் அளவு வேறு. பிரிட்டனுக்கு வெளியிலிருந்து வந்த சிக்கமோர் மரத்தில் வகைகள் குறைவு. ஆனால் அசுவினி கொட்டிக் கிடக்கும், அதைத் தின்னப் பறவைகளும் வரும். ஆகவே அயல் மரம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு சாய்க்காமல், முதலில் அதன் கிளையைத் தட்டிப் பாருங்கள். எப்படித் தட்டுவது என்று கீழே சொல்கிறேன். ஒரே வகை மரமாக இல்லாமல் வெவ்வேறு நேரத்தில் தளிர் விடும் நான்கைந்து வகைகள் கலந்து நின்றால் புழுக்காலம் நீளும். நெதர்லாந்தில், ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான்கள் குஞ்சு வளர்ப்பதற்கு முன்பே புழுக்காலம் உச்சம் தாண்டிவிடும் காடுகளில் அவற்றின் எண்ணிக்கை இருபது ஆண்டில் ஏறத்தாழ 90 விழுக்காடு சரிந்தது என்று 2006இல் எழுதினார்கள். நேரம் தவறினால் உணவு இருந்தும் இல்லாத கதைதான்.

பட்ட மரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கையில் செலவில்லாமல் அதிகப் பலன் தருவது இதுதான். காட்டில் வாழும் உயிரினங்களில் ஐந்தில் ஒரு பங்காவது ஏதோ ஒரு கட்டத்தில் செத்த மரத்தை நம்பியிருக்கிறது. மரத்துளை வண்டுகளின் புழு ஓராண்டிலிருந்து பல ஆண்டு வரை கட்டைக்குள்ளேயே இருக்கும். இலையில் புழு இல்லாத குளிர்காலத்திலும் வறட்சியிலும் மரங்கொத்திக்கு அதுதான் கிடங்கு. ஐரோப்பியக் காடுகளுக்கு, ஒரு ஹெக்டேரில் 20 முதல் 50 கன மீட்டர் செத்த மரம் இருந்தால்தான் அதைச் சார்ந்த உயிர்களில் பெரும்பாலானவை நிலைக்கும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் ஓர் அளவு சொன்னார்கள். கணக்கு போட்டுப் பாருங்கள்: 30 சென்டிமீட்டர் விட்டம், 5 மீட்டர் நீளம் உள்ள ஒரு கட்டை சுமார் 0.35 கன மீட்டர். ஹெக்டேருக்கு 30 கன மீட்டர் என்றால் 85 கட்டை. உங்கள் ஆறு ஏக்கருக்கு 200க்கு மேல். இளங்காட்டில் இது பல பத்தாண்டு வராது. வரவில்லை என்று வருந்த வேண்டியதில்லை, விழுந்ததை எடுத்துப் போகாமல் இருந்தாலே மெல்லச் சேரும்.

எல்லாக் கட்டையும் ஒன்றல்ல. நிற்கும் பட்டமரம் வேறு, கிடக்கும் கட்டை வேறு. வெயிலில் கிடப்பது வேறு, நிழலில் ஈரத்தில் கிடப்பது வேறு. நான்கிலும் வேறு வேறு வண்டுகள். ஆகவே எல்லாவற்றையும் ஓரிடத்தில் அழகாக அடுக்கிவைப்பது பாதிப் பலனைக் கெடுத்துக்கொள்வது. தடித்த கட்டைகளை விழுந்த இடத்திலேயே, மண்ணோடு ஒட்டும்படி விடுங்கள். மெல்லிய மிலாரை இடுப்பளவு குவியலாகப் போட்டால் சிறு பறவைகளுக்கு மறைவிடம். பட்ட மரமே இல்லையென்றால் உண்டாக்கலாம். எடுத்துவிடத் தீர்மானித்த மரங்களில் சிலவற்றை அடியோடு சாய்க்காமல் 4 மீட்டர் உயரத்தில் தலையை வெட்டிவிட்டு முண்டமாக நிறுத்துங்கள். சுவீடனில் மரம் வெட்டும்போது ஹெக்டேருக்கு மூன்றாவது இப்படி உயரமான அடிக்கட்டையாக விட்டுவைக்கிறார்கள். அல்லது அடிமரத்தைச் சுற்றி ஒரு கையளவு அகலத்துக்கு வளையமாகப் பட்டையை உரித்து, உள்மரத்தில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழம் போகச் சீவிவிட்டால் மரம் நின்றபடியே பட்டுவிடும். பட்டையை மட்டும் உரித்தால் பல மரங்கள் புண்ணை ஆற்றிக்கொண்டு பிழைத்துவிடும். ஒரு குறை: வளையம் போட்ட மரம் பிற்பாடு அந்த வளையத்திலேயே முறியும். ஆகவே ஆள் நடக்கும் பாதையிலிருந்து மரத்தின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் இதைச் செய்யாதீர்கள்.

'செத்த மரம் விட்டால் பூச்சி பரவி நல்ல மரத்தையும் தின்னுமே' என்ற பயம் வரும். பெரும்பாலும் தேவையற்ற பயம். உளுத்த மரத்தில் இருப்பவை உளுத்த மரத்துக்கு உரியவை, பச்சை மரம் அவற்றுக்கு உதவாது. உண்மையான விலக்கு ஊசியிலை மரங்கள். புதிதாக விழுந்த ஸ்புரூஸ் மரத்தின் பட்டைக்குள் பட்டை வண்டு பெருகி நிற்கும் மரங்களைத் தாக்கும். அது முட்டையிலிருந்து வண்டாகி வெளியேற வெப்பத்தைப் பொறுத்து ஆறு முதல் பத்து வாரம். அதற்குள் பட்டையை உரித்துவிட்டால் கட்டையை அங்கேயே விடலாம். ஓராண்டுக்கு மேல் காய்ந்த கட்டையில் அந்த வண்டு இருக்காது.

பறவை கூடு கட்டப் பெட்டி மாட்டலாமா என்று பலர் கேட்பார்கள். மாட்டலாம், பொந்து இல்லாத இளங்காட்டில் 32 மில்லிமீட்டர் துளையுள்ள பெட்டிக்குப் பட்டாணிக்குருவி வரும். அது வீட்டுப் பற்றாக்குறையைத் தீர்க்கும், சாப்பாட்டுப் பற்றாக்குறையைத் தீர்க்காது. புழு இல்லாத காட்டில் பெட்டி வைப்பது குஞ்சுகளைப் பட்டினி போடக் கூப்பிடுவது.

சருகு விஷயத்தில் சுருக்கமாக: கூட்டாதீர்கள், எரிக்காதீர்கள். திறப்பு போட்ட இடத்தில் தரை காய்ந்து சருகுப் பூச்சி கொஞ்ச காலம் குறையும், அதனால் நீர் தேங்கும் பள்ளத்தின் பக்கம் திறப்பு போடாமல் இருட்டாகவே விட்டுவையுங்கள். சருகில் இன்னொரு சாமானும் இருக்கிறது, யாரும் நினைப்பதில்லை: நத்தை. நெதர்லாந்தில் மண் புளித்துப்போன காடுகளில் நத்தை குறைந்து, பட்டாணிக்குருவிகள் ஓடு மெலிந்த முட்டை இட்டதை 1994இல் வெளியிட்டார்கள். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு அவற்றுக்குப் புழுவிலிருந்து கிடைப்பதில்லை, நத்தை ஓட்டிலிருந்து கிடைக்கிறது. கூட்டில் உடைந்த முட்டைகளை அடிக்கடி பார்த்தால், கோழிமுட்டை ஓட்டை வறுத்து நொறுக்கிக் காட்டோரம் தூவிவைத்துப் பாருங்கள். கொத்திக்கொண்டு போனால் குறை எதுவென்று தெரிந்துவிடும்.

மேய்ச்சலைக் கவனிக்காமல் செய்த எந்த வேலையும் வீண். ஆடோ மானோ திறப்புக்குள் வந்தால் தளிர் விட்டதெல்லாம் போகும். கொஞ்ச நாளில் அவற்றின் வாய் எட்டும் உயரம் வரை கத்தரித்த மாதிரி வெறுமை தெரியும். இங்கிலாந்தின் பிராட்ஃபீல்டு காட்டில் அடியோடு வெட்டி மறுதாம்பு விட்ட, அதாவது அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்க விட்ட பகுதிகளில், மான் நுழையாமல் வேலியிட்ட இடத்தில் அடர்ந்த புதரில் வாழும் நைட்டிங்கேல் பறவைகள் வேலியில்லாத இடத்தைவிட 15 மடங்கு நெருக்கமாக இருந்தன. வெட்டியது இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். உங்கள் இடத்தில் இது சிக்கலா என்று அறிய மொத்தக் காட்டுக்கும் வேலி வேண்டாம். ஒரு திறப்பின் நடுவில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கம்பிவலை கட்டி இரண்டு மழைக்காலம் விடுங்கள். உள்ளே இடுப்பளவு, வெளியே கணுக்காலளவு என்றால் விடை கிடைத்துவிட்டது.

வேலை செய்யும் காலம்: கூடு கட்டும் பருவத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே முடித்துவிட வேண்டும். வடக்கு மிதவெப்ப நாடுகளில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கோடாலி தொடக்கூடாது. வெப்ப நாடுகளில் இது மழையைப் பொறுத்து மாறும்; அலகு நிறையப் புழுவோடு ஒரு பறவை தின்னாமல் பறந்து போவதைப் பார்த்தால் அருகில் குஞ்சு இருக்கிறது, வேலையை நிறுத்துங்கள். பூச்சிமருந்து எந்தக் காலத்திலும் வேண்டாம். புழுவை மட்டும் கொல்லும் நுண்ணுயிர் மருந்து பறவைக்கு நேரடியாகத் தீங்கு செய்யாது என்பது உண்மை. ஆனால் அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் காட்டில் அதைத் தெளித்துப் புழுவைக் குறைத்தபோது, கதிர்க்குருவிகள் அந்தப் பருவத்தில் கூடு கட்டிய தடவைகளே குறைந்தன. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: மிசௌரி ஓக் காட்டில் பறவை நுழையாதபடி இளமரங்களுக்கு வலை போட்டபோது இலைதின்னிகள் ஏறத்தாழ இரட்டிப்பாயின, மரத்தின் வளர்ச்சி குறைந்தது. நீங்கள் மருந்துக்குக் கொடுக்கும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்பவை பறவைகள்.

இவ்வளவும் பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெட்டுவதற்கு முந்தைய ஆண்டே அளக்கத் தொடங்க வேண்டும்; பின்னால் தொடங்கினால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. ஒரு மீட்டர் சதுர வெள்ளைத் துணியை இரண்டு குச்சியில் குறுக்காகக் கட்டி, தோள் உயரக் கிளைக்கு அடியில் பிடித்து, கிளையைத் தடியால் ஐந்து முறை தட்டுங்கள். விழுவதைச் சட்டென்று எண்ணுங்கள்: புழு எத்தனை, சிலந்தி எத்தனை, வண்டு எத்தனை, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமானவை எத்தனை. சிலந்தி முதலில் ஓடும், அதை முதலில் எண்ண வேண்டும். உடலை வளைத்து வளைத்து நகரும் காவடிப்புழு குச்சி மாதிரி விறைத்துக் கிடக்கும், ஒரு நிமிடம் பொறுத்தால் அசையும். இருபது கிளை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, இலை காய்ந்திருக்கும் நேரத்தில். உச்சிக்கிளையில் நடப்பதை இப்படிப் பிடிக்க முடியாது. அதற்கு மரத்தடியில் அரை மீட்டர் சதுரத் தட்டு வைத்து, விழும் புழு எச்சத்தைச் சேர்த்துக் காயவைத்து எடை போடலாம். மழை பெய்தால் எச்சம் கரைந்துவிடும், அந்த நாளை விட்டுவிடுங்கள்.

இருக்கும் பூச்சி பறவைக்கு எட்டுகிறதா என்பதற்குக் களிமண் புழு சோதனை நல்லது. பச்சை நிற மெழுகுக் களியை 3 மில்லிமீட்டர் தடிப்பில், 3 சென்டிமீட்டர் நீளத்தில் உருட்டி இலையில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். பறவை கொத்தினால் முக்கோணப் பள்ளமோ, எதிரெதிரே இரண்டு அலகுத் தடமோ இருக்கும். எலி கடித்தால் இணைகோடாகப் பல் பதியும். எறும்பு கடித்தால் ஊசி குத்திய மாதிரி பொடிப்பொடியாக. பார்த்த பின் விரலால் தடவி வழவழப்பாக்கி மறுபடி ஒட்டலாம். உலகின் 31 இடங்களில் இப்படிப் பொம்மைப் புழு வைத்து 2017இல் வந்த ஆய்வில், நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கத் தாக்குதல் கூடியது, ஆனால் கூட்டியது பறவையல்ல, எறும்பு போன்ற சிற்றுயிர்கள். ஆகவே தடத்தைப் பிரித்துப் பார்க்காமல் மொத்தக் கணக்கு எழுதாதீர்கள்.

பறவைக் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. மரத்தைக் கலைத்ததும் பறவை கூடிவிட்டதாகத் தோன்றும், காரணம் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே சத்தத்தை வைத்தும் எண்ண வேண்டும். விடிந்ததிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள், ஒரே இடத்தில் 10 நிமிடம் நின்று, 30 மீட்டருக்குள் கேட்டதையும் பார்த்ததையும் தனித்தனியாக எழுதுங்கள். காட்டில் பாதியை எதுவும் செய்யாமல் விட்டு அங்கேயும் அதே மாதிரி எண்ணுங்கள். இந்த ஒப்பீட்டுப் பகுதி இல்லாவிட்டால், அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்ததால் பறவை வந்ததா, நீங்கள் வெட்டியதால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

இதில் எவையெல்லாம் திடமானவை? செத்த மரம், பல அடுக்கு, உள்ளூர் மரம், மேய்ச்சல் கட்டுப்பாடு: இந்த நான்கும் நாடு மாறினாலும் நிற்பவை. மறுதாம்பு முறை நல்லதா, முதிரவிடுவது நல்லதா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே இரு கட்சி. முன்னது புதர்ப் பறவைக்கும் பட்டாம்பூச்சிக்கும் நல்லது, பின்னது பொந்துப் பறவைக்கும் மரவண்டுக்கும் நல்லது, இரண்டும் ஒரே நிலத்தில் முழுதாகக் கிடைக்காது. அதைவிடப் பெரிய எல்லை ஒன்று. ஜெர்மனியில் 2008 முதல் 2017 வரை தொடர்ந்து அளந்த காடுகளில் சிற்றுயிர்களின் எடை 41 விழுக்காடு குறைந்திருந்தது. சுற்றியுள்ள வயலின் நிலையும் பருவநிலையும் அதில் பங்கு கொள்கின்றன. உங்கள் ஆறு ஏக்கரில் எல்லாம் சரியாகச் செய்தும் பறவை கூடாமல் போகலாம்.

நிலத்தைப் பார்க்காமல் எந்த மரத்தை எடுங்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் வரும் ஓராண்டுக்கு வெட்ட வேண்டாம் என்று சொல்ல முடியும். அந்த ஓராண்டில் துணி பிடித்துத் தட்டுங்கள், கம்பிவலை கட்டுங்கள், மரங்களின் உயர விகிதத்தை எடுங்கள், எந்தெந்தப் பறவையின் குரல் எந்த மூலையில் கேட்கிறது என்று வரைபடத்தில் குறியுங்கள். அந்தத் தாளோடு திரும்பி வந்தால், முதல் நான்கு திறப்பை எங்கே போடுவது என்று சேர்ந்தே பார்க்கலாம்.